அகழி இல்லை, பீரங்கி இல்லை... 12 வருஷம் தாக்குப்பிடித்த மண்கோட்டைகள்! யார் இந்த பூலித்தேவர்?

திருமங்கலத்தில் இருந்து கொல்லம் போகும் தேசிய நெடுஞ்சாலை எண் 744. ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம், சேத்தூர், சிவகிரி, வாசுதேவநல்லூர், புளியங்குடி என்று வரிசையாக ஊர்கள் வரும். வலது பக்கம் முழுக்க மேற்குத் தொடர்ச்சி மலை கூடவே வரும். சபரிமலை சீசன்ல பக்தர்களின் வண்டிகளும், மற்ற நாட்களில் கேரளாவுக்குப் போகும் லாரிகளும் வரிசைகட்டும் ரூட் இது.

சுமார் 270 வருஷங்களுக்கு முன்னாடி இதே மலையடிவாரத்தில்தான் கிழக்கிந்தியக் கம்பெனியின் பீரங்கி வண்டிகளும் மாட்டுப் பூட்டில் உருண்டு போயின. அவை தேடிப் போனது ஒரு பாளையக்காரரை. அவர்தான் நெற்கட்டும்செவல் பூலித்தேவர்.

ஒவ்வொரு செப்டம்பர் 1-ம் தேதியும் அவர் பெயர் செய்திகளில் அடிபடும். மாலை மரியாதை, தலைவர்கள் வருகை, போலீஸ் பாதுகாப்பு என்று ஒருநாள் பரபரப்பு. மறுநாள் அடங்கிவிடும். ஆனா அவர் உண்மையில் என்ன செய்தார், யாரை எதிர்த்தார், எப்படி அத்தனை வருஷம் தாக்குப்பிடித்தார், கடைசியில் எங்கே தோற்றார் என்பது பலருக்குத் தெரியாது. விரிவாகப் பார்க்கலாம்.

மலைக்கும் கரிசலுக்கும் நடுவில்

பூலித்தேவரின் முழுப்பெயர் காத்தப்ப பூலித்தேவர். தந்தை சித்திரபுத்திரத் தேவர், தாய் சிவஞான நாச்சியார். 1715 செப்டம்பர் 1 அவருடைய பிறந்தநாளாகக் கொண்டாடப்படுகிறது. சிறு வயதிலேயே பாளையத்தின் பொறுப்புக்கு வந்தவர் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் வரலாறு.

நெற்கட்டும்செவல் இன்று தென்காசி மாவட்டத்தில், சங்கரன்கோவில் பக்கம் உள்ள ஒரு கிராமம். மேற்கே மலை. மலைக்கு அந்தப் பக்கம் திருவிதாங்கூர். கிழக்கே கரிசல் காடு. வடக்கே போனால் ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வழியாக மதுரை. அதாவது இது ஒரு எல்லைப் பகுதி. மதுரைக்கும் திருவிதாங்கூருக்கும் நடுவில் யார் படை நடத்தினாலும் இந்த மண்ணை மிதிக்காமல் போவது கஷ்டம்.

பாளையம் என்றால் என்ன?

16-ம் நூற்றாண்டில் மதுரை நாயக்கர் ஆட்சியில், விசுவநாத நாயக்கரும் தளவாய் அரியநாத முதலியாரும் சேர்ந்து உருவாக்கிய ஏற்பாடு இது. நாடு 72 பாளையங்களாகப் பிரிக்கப்பட்டது என்பது வழக்கு. பாளையக்காரர் தன் பகுதியில் வரி வசூலிப்பார், படை வைத்திருப்பார், காவல் காப்பார், வழக்குகளைத் தீர்ப்பார். வருமானத்தில் ஒரு பங்கை நாயக்கருக்குக் கட்டுவார். போர் வந்தால் படையோடு போய் நிற்பார்.

1736-ல் மதுரை நாயக்கர் ஆட்சி முடிவுக்கு வந்தது. அப்போ ஒரு கேள்வி எழுந்தது. நாயக்கருக்குக் கட்டிவந்த கப்பத்தை இனி யாருக்குக் கட்டுவது?

எனக்குத்தான் என்றார் ஆற்காடு நவாப் முகமது அலி. ஆனா அவருக்கே அந்தப் பதவி கம்பெனி படையின் தயவில்தான் நிலைத்தது. பிரெஞ்சுக்காரர்கள் ஆதரித்த சந்தா சாகிப்புடன் நடந்த போரில் கம்பெனி அவருக்குத் துணையாக நின்றது. அந்தப் போர்ச்செலவு முழுக்க நவாப்பின் கடன் கணக்கில் ஏறியது. கடனை அடைக்கப் பணம் வேண்டும். மதுரை, திருநெல்வேலி சீமைகளின் வரி மேல் கண் விழுந்தது இப்படித்தான்.

பாளையக்காரர்கள் பார்வையில் நவாப் புது ஆள். அவருக்குப் பின்னால் வரும் கம்பெனியோ வியாபாரம் செய்ய வந்த வெளியாள். நாயக்கருக்குக் கொடுத்ததை இவர்களுக்கு ஏன் கொடுக்க வேண்டும் என்பதுதான் அவர்கள் கேள்வி. எதிர்ப்பு தொடங்கிய புள்ளி இதுதான்.

1755: கர்னல் ஹெரான் வந்த கதை

1755-ன் தொடக்கத்தில் கர்னல் ஹெரான் தலைமையில் சுமார் 500 ஐரோப்பிய வீரர்கள், 2,000 சிப்பாய்கள் அடங்கிய படை தெற்கே கிளம்பியது. நவாப்பின் அண்ணன் மாபூஸ்கான் தன் குதிரைப்படையோடு கூட வந்தார். அந்தச் சிப்பாய்களுக்குத் தலைமை தாங்கி வந்தவர் யூசுப்கான். மருதநாயகம் என்று பிற்காலத்தில் தமிழகம் முழுக்க அறியப்பட்ட அதே கான் சாகிப்.

மதுரை எளிதாக விழுந்தது. அடுத்து திருநெல்வேலி. பல பாளையங்களில் மிரட்டிப் பணம் வசூலானது. பூலித்தேவர் முறை வந்தது. ஹெரான் கேட்டது 20,000 ரூபாய். பூலித்தேவர் கொடுக்கவில்லை. கோட்டைச் சுவரை உடைக்கும் அளவுக்கு ஹெரானிடம் பெரிய பீரங்கி இல்லை. வெயிலும் சாப்பாட்டுத் தட்டுப்பாடும் படையை வாட்டின. கடைசியில் படை வெறுங்கையோடு திரும்பியது.

இதே பயணத்தில்தான் மதுரைக்கு அருகே கோவில்குடியில் ஹெரானின் படை கோயிலுக்குள் புகுந்து சிலைகளைத் தூக்கிச் சென்றது. திரும்பிப் போகும் வழியில் நத்தம் கணவாயில் கள்ளர்கள் படையை மறித்துத் தாக்கி, அந்தச் சிலைகளை மீட்டார்கள். சென்னை திரும்பிய ஹெரான் ராணுவ விசாரணைக்கு உள்ளாகி வேலையை இழந்தார்.

நெற்கட்டும்செவலுக்கு அந்தப் பெயர் வந்தது பற்றியும் ஊர்ப்பக்கம் ஒரு விளக்கம் உண்டு. நெல்லை வரியாகக் கட்ட மாட்டேன் என்று பூலித்தேவர் மறுத்ததால் நெற்கட்டும்செவல் நெற்கட்டான்செவல் ஆனது என்பார்கள். இன்றும் இரண்டு பெயரும் வழக்கில் இருக்கிறது.

ஸ்ரீவில்லிபுத்தூர் ஏன் முக்கியம்?

ஹெரான் போன பிறகு பூலித்தேவர் செய்த வேலைதான் அவரை மற்ற பாளையக்காரர்களிடம் இருந்து தனித்துக் காட்டுகிறது. தனியாகத் தன் கோட்டையை மட்டும் காப்பாற்ற முடியாது என்று அவருக்குப் புரிந்தது. ராஜபாளையம் பக்கத்தில் உள்ள சேத்தூர், கொல்லங்கொண்டான் உள்ளிட்ட மேற்குப் பாளையங்களை ஒன்று சேர்த்தார். மலைக்கு அப்பால் திருவிதாங்கூர் மன்னரோடும் கை கோத்தார். மதுரைப் பகுதியில் இருந்த முடேமியா, நபிகான் கட்டக் போன்ற பட்டாணியத் தளபதிகளையும் சேர்த்துக்கொண்டார். இனம், மதம் பார்க்காத கூட்டணி அது.

1755-லேயே களக்காடு மாபூஸ்கான் கையை விட்டுப் போனது. அடுத்த குறி ஸ்ரீவில்லிபுத்தூர்.

இன்று ஸ்ரீவில்லிபுத்தூர் என்றால் ஆண்டாள் கோயில் கோபுரமும் பால்கோவாவும் ஞாபகம் வரும். அன்று அது கோட்டை ஊர். மதுரையில் இருந்து மேற்கு மலையோரமாகத் தெற்கே வரும் படைக்கு அதுதான் வாசல். அந்தக் கோட்டை யார் கையில் இருக்கிறதோ, அவர்கள் கையில்தான் ராஜபாளையம் முதல் புளியங்குடி வரை உள்ள பாதை. அதனால்தான் பூலித்தேவரின் கூட்டணி ஸ்ரீவில்லிபுத்தூரை முற்றுகையிட்டுக் கைப்பற்றியது. பின்னாளில் யூசுப்கானும் இதே ஊரில் படையை நிறுத்தித்தான் சுற்றியுள்ள பாளையங்களை அடக்கப் பார்த்தார்.

ஆனா கூட்டணியில் ஒரு பெரிய ஓட்டை இருந்தது. பாஞ்சாலங்குறிச்சி, எட்டயபுரம் போன்ற கிழக்குப் பாளையங்கள் சேரவில்லை. அவர்கள் நவாப் - கம்பெனி பக்கம் நின்றார்கள். பிற்காலத்தில் கம்பெனியை எதிர்த்துத் தூக்குமேடை ஏறிய வீரபாண்டிய கட்டபொம்மனின் பாளையம்தான் பாஞ்சாலங்குறிச்சி. அவர் முன்னோர் அன்று எடுத்த நிலை இது.

1756 மார்ச்சில் திருநெல்வேலி அருகே நடந்த போரில் கூட்டணி தோற்றது. முடேமியா களத்திலேயே இறந்தார். பூலித்தேவர் நெற்கட்டும்செவலுக்குத் திரும்பினார். அதே வருஷம் யூசுப்கானின் கைக்குத் தெற்குச் சீமை வந்தது.

இடையில் ஒரு திருப்பமும் நடந்தது. பூலித்தேவரை அடக்க வந்த மாபூஸ்கானே தம்பி நவாப்போடு மனஸ்தாபம் ஏற்பட்டு, பூலித்தேவர் பக்கம் வந்து சேர்ந்தார். சில வருஷம் நெற்கட்டும்செவல் பக்கமே தங்கியிருந்தார்.

மண்கோட்டை எப்படிப் பீரங்கியைத் தாங்கியது?

1758-ன் இறுதியில் பிரெஞ்சுத் தளபதி லாலி சென்னையை முற்றுகையிட்டார். யூசுப்கானைக் கம்பெனி வடக்கே அழைத்துக்கொண்டது. அந்த இடைவெளியில் பூலித்தேவர் இழந்த செல்வாக்கை மீட்டார். 1759-ல் யூசுப்கான் திரும்பி வந்தபோது மறுபடி முதலில் இருந்து தொடங்க வேண்டியதாயிற்று.

இந்த முறை யூசுப்கான் முதலில் கூட்டணியை உடைத்தார். திருவிதாங்கூர் மன்னருக்குக் களக்காட்டுப் பகுதி மேல் ஆசை. அதைக் கொடுக்க யூசுப்கான் சம்மதித்தார். திருவிதாங்கூர் படை பக்கம் மாறியது. நேற்று வரை துணை நின்ற படை, இன்று மலையைத் தாண்டி எதிரியாக வந்து நின்றது.

1759 டிசம்பரில் இரண்டு படைகளும் சேர்ந்து வாசுதேவநல்லூர் கோட்டையை முற்றுகையிட்டன. ராஜபாளையத்தில் இருந்து தென்காசி ரோட்டில் போனால் சேத்தூர், சிவகிரி தாண்டி வரும் அதே வாசுதேவநல்லூர்தான்.

அந்தக் கோட்டையைப் பற்றி கம்பெனி தரப்பு ஆவணங்களே வியந்து எழுதியிருக்கின்றன. முழுக்க மண். ஆனா காய்ந்து இறுகி கிட்டத்தட்ட செங்கல் மாதிரி உறுதி. அகழி கிடையாது. நான்கு மூலையிலும் பெரிய கொத்தளம், இடையிடையே சின்னக் கொத்தளங்கள். ஒவ்வொரு கொத்தளமும் தனித்தனிக் குட்டிக் கோட்டை. எதிரி உள்ளே நுழைந்துவிட்டாலும் ஒவ்வொன்றையும் தனியாகப் பிடித்தாக வேண்டும். மேலே ஏற ஒடுக்கமான சரிவு மட்டுமே. சுவரில் துப்பாக்கி நுழையும் அளவுக்கு ஓட்டைகள். பீரங்கி ஒன்றுகூட உள்ளே இல்லை.

மண்சுவருக்கு இன்னொரு பலமும் உண்டு. கல் சுவர் பீரங்கிக் குண்டு பட்டால் பிளந்து சரியும். தடித்த மண்சுவரில் குண்டு புதைந்து நின்றுவிடும். உடைந்த இடத்தையும் ராத்திரியோடு ராத்திரியாக அடைத்துவிடலாம். மண்ணும் வைக்கோலும் பனைமரமும் அந்த மலையடிவாரத்தில் பஞ்சமில்லாத பொருட்கள்.

முற்றுகையில் யூசுப்கானின் பெரிய பீரங்கியே வெடித்துப்போனது. இருந்ததை வைத்து ஒருவழியாகச் சுவரை உடைத்தார்கள். உள்ளே பாய முயன்றபோது நெற்கட்டும்செவலில் இருந்து பூலித்தேவர் சுமார் 3,000 பேரோடு வந்து முற்றுகையிட்டவர்களின் பாசறையைத் தாக்கினார். முன்னால் கோட்டை, பின்னால் பூலித்தேவர். யூசுப்கான் படை பின்வாங்கியது. அவருடைய வாழ்க்கையில் அரிதாக நடந்த தோல்விகளில் இது ஒன்று.

ஒண்டிவீரன், வெண்ணிக் காலாடி யார்?

இந்தச் சண்டைகளைப் பற்றி எழுதி வைத்தவர்கள் பெரும்பாலும் எதிர்த்தரப்பினர். அவர்களுக்குத் தலைவர் பெயர் மட்டும்தான் முக்கியம். சுவரை அடைத்தவர்கள், இருட்டில் காட்டுக்குள் ஓடித் தகவல் கொண்டு வந்தவர்கள், முன்வரிசையில் நின்றவர்கள் யாரென்று அந்த ஏடுகளில் இல்லை.

அந்தப் பெயர்களை மக்கள் நினைவுதான் காப்பாற்றியது. எதிரி முகாமுக்குள் தனி ஆளாக நுழைந்து பீரங்கிகளைத் திருப்பி வைத்ததாகச் சொல்லப்படும் அருந்ததியர் சமூகத்தைச் சேர்ந்த ஒண்டிவீரன் அதில் ஒருவர். வயிறு கிழிந்து குடல் சரிந்தபோதும் தலைப்பாகையால் கட்டிக்கொண்டு போரிட்டதாகப் பாடப்படும் தேவேந்திரகுலத்து வெண்ணிக் காலாடி இன்னொருவர். ஒண்டிவீரனுக்குப் பாளையங்கோட்டையில் மணிமண்டபம் இருக்கிறது. 2022-ல் அவர் படத்துடன் தபால்தலையும் வெளியானது.

பூலித்தேவர் படை ஒரு சாதியின் படை அல்ல என்பதற்கு இந்த நினைவுகளே சாட்சி. ஆனா இன்று ஆகஸ்ட் 20-ல் ஒண்டிவீரன் நினைவு நாள் தனியாக, செப்டம்பர் 1-ல் பூலித்தேவர் பிறந்தநாள் தனியாக நடக்கிறது. அசம்பாவிதம் நடந்துவிடக் கூடாது என்று இரண்டுக்கும் கூட்டம் கூடத் தடை உத்தரவுகளும், செக்போஸ்ட்களும் போடப்படுகின்றன. ஒரே கோட்டைக்குள் நின்று போராடியவர்களைக் கும்பிட, அவர்கள் வாரிசுகள் வெவ்வேறு நாளில் போலீஸ் காவலோடு வர வேண்டியிருக்கிறது.

1761 தோல்வியும், மறுபடி எழுந்ததும்

வாசுதேவநல்லூரில் பட்ட அடியை யூசுப்கான் மறக்கவில்லை. 1760 முடிவில் மறுபடி பெரிய பீரங்கிகளோடு வந்தார். மாதக்கணக்கில் சண்டை நடந்தது. திருவிதாங்கூர் இல்லை, கிழக்குப் பாளையங்கள் இல்லை. மாபூஸ்கானும் 1760-லேயே தம்பியோடு சமரசமாகிப் போய்விட்டார். 1761 மே மாதம் நெற்கட்டும்செவல், வாசுதேவநல்லூர், பனையூர் ஆகிய மூன்று முக்கியக் கோட்டைகளும் விழுந்தன. பூலித்தேவர் நாட்டை விட்டு வெளியேறினார்.

அதோடு கதை முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. ஜெயித்த யூசுப்கானுக்கு நடந்தது வேறு. மதுரையைத் திறமையாக நிர்வகித்த அவருக்கும் நவாப்புக்கும் மோதல் வந்தது. யாருக்காகப் பாளையங்களை அடக்கினாரோ அதே நவாப்பும் கம்பெனியும் சேர்ந்து அவரையே முற்றுகையிட்டார்கள். கூட இருந்தவர்களே காட்டிக்கொடுக்க, 1764 அக்டோபர் 15-ல் மதுரையில் தூக்கிலிடப்பட்டார். சம்மட்டிபுரத்தில் அவருடைய அடக்கத்தலம் இன்றும் இருக்கிறது.

யூசுப்கான் போனதும் பூலித்தேவர் திரும்பி வந்தார். சேத்தூர், கொல்லங்கொண்டான் பக்கமும் எதிர்ப்பு மறுபடி கிளம்பியது. கம்பெனி இந்த முறை கர்னல் டொனால்ட் கேம்பலை அனுப்பியது.

1767 மே மாதம் வாசுதேவநல்லூர் கோட்டை மேல் மறுபடி குண்டுமழை. சுவர் உடைய உடைய உள்ளே இருந்தவர்கள் வைக்கோலையும் பனைமரத்தையும் வைத்து அடைத்துக்கொண்டே இருந்தார்கள். அடைக்கும்போதே குண்டு பட்டு விழுந்தார்கள். விழுந்த இடத்தில் அடுத்த ஆள் வந்து நின்றார். கேம்பலே அசந்துபோன காட்சி அது. கடைசியில் ஒரு நாள் கொட்டும் மழையைப் பயன்படுத்தி, உயிரோடு இருந்தவர்கள் கோட்டையை விட்டு வெளியேறினார்கள்.

பூலித்தேவருக்கு என்ன ஆனது?

பிடிபட்டார் என்று ஒரு பக்கம், காட்டுக்குள் மறைந்தார் என்று இன்னொரு பக்கம் சொல்லப்படுகிறது. மக்கள் நம்பும் கதை வேறு. கைதான பூலித்தேவர், சங்கரன்கோவில் சங்கரநாராயணரைக் கடைசியாக ஒருமுறை கும்பிட அனுமதி கேட்டார். உள்ளே போனவர் சோதியில் கலந்துவிட்டார், கைவிலங்கு மட்டும் கீழே கிடந்தது என்பார்கள். ஆடித்தபசுக்குக் கூட்டம் அலைமோதும் அதே கோயிலில், அவர் மறைந்ததாக நம்பப்படும் இடத்தில் இன்றும் வணங்குகிறார்கள்.

தூக்குமேடையோ கல்லறையோ இல்லாத ஒரு தலைவருக்கு மக்கள் கொடுத்த முடிவு இது. பிடிபட்டார் என்பதை அந்த மண் ஏற்கத் தயாராக இல்லை.

கோட்டைகள் எங்கே போயின?

ராஜஸ்தானிலோ மகாராஷ்டிராவிலோ எல்லைக் கோட்டைகள் டிக்கெட் வாங்கிப் பார்க்கும் அளவுக்கு நிற்கின்றன. செஞ்சிக் கோட்டை கூட நிற்கிறது. ஆனா தென்பாண்டிச் சீமையின் மண்கோட்டைகள் ஏன் நிற்கவில்லை?

மண் என்பதால் மழையில் கரைந்தது என்பது பாதிதான் உண்மை. 1799-ல் கட்டபொம்மனைத் தூக்கிலிட்ட மேஜர் பானர்மேன், பாளையக்காரர்கள் கோட்டைகளை இடிக்க வேண்டும், ஆயுதங்களை ஒப்படைக்க வேண்டும் என்று உத்தரவு போட்டார். இந்தச் சுவர்களின் பலம் கம்பெனிக்குத் தெரிந்திருந்தது. மறுபடி ஒரு வாசுதேவநல்லூர் உருவாகக் கூடாது என்பதில் அவர்கள் தெளிவாக இருந்தார்கள்.

அதனால் இன்று பார்க்கக் கிடைப்பது கொஞ்சம்தான். நெற்கட்டும்செவலில் அரசு பராமரிக்கும் பூலித்தேவர் நினைவு மாளிகை இருக்கிறது. அங்கிருந்து சங்கரன்கோவில் கோயிலும், வாசுதேவநல்லூரும் ஒரே நாளில் போய்வரும் தூரம்தான். ஸ்ரீவில்லிபுத்தூரில் கிளம்பி, ராஜபாளையம், சேத்தூர், சிவகிரி, வாசுதேவநல்லூர் என்று போனால் அன்றைய போர்முனை முழுவதையும் அரை நாளில் கடந்துவிடலாம்.

முதல் விடுதலை வீரரா?

1857 சிப்பாய்ப் புரட்சிக்கு 102 வருஷம் முன்பே பூலித்தேவர் கம்பெனிக்குப் பணம் தர மறுத்தார். இந்தியா முழுவதற்கும் சுதந்திரம் என்ற எண்ணம் அன்று யாருக்கும் இருந்திருக்க வாய்ப்பில்லை. அவர் போராடியது தன் பாளையத்தின் உரிமைக்காக. அதை மறைக்கத் தேவையில்லை. ஆனா கம்பெனியின் பீரங்கிக்கு முன்னால், தனித்தனியாக நின்றால் எல்லோரும் விழுவோம் என்பதை 1755-லேயே கண்டுகொண்டு கூட்டணி கட்டியவர் அவர்.

கூட்டணி நின்ற வரை மண்சுவரும் நின்றது. களக்காட்டுக்காக ஒருவர் விலகினார், பழைய பகைக்காகச் சிலர் சேராமலே இருந்தார்கள். அதன் பிறகுதான் 1761-ல் சுவர் விழுந்தது. எதிர்ப் பக்கம் நின்ற பாஞ்சாலங்குறிச்சிக்கு அதே பீரங்கி 1799-ல் வந்து சேர்ந்தது. இடையில் போனது 38 வருஷம். நெற்கட்டும்செவலில் மாலை போட வருகிற எல்லோரும் ஒருதடவை யோசிக்க வேண்டிய கணக்கு இது.